பழைய காரை மாற்றியமைப்பது குற்றமா?

சொந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய காரை ஒருவர் தம் சொந்தக் கையால் மாற்றியமைத்தால் அது குற்றமா? குற்றம்தான் என்று இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றியமைக்கும் உடைமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கலாம். ஐந்து இடத்தில் கை வைத்திருந்தால் 25,000 ரூபாய். நம்மில் பல குமாஸ்தாக்களின் மாதச் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும்.

இது ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு விவகாரம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாகலாபுரத்தில், பஸ் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. உடைமையாளர் நம்மவர். ஸ்ரீசிட்டியில் உள்ள ஓர் ஆலையில் காண்டிராக்டு வெல்டராக வேலை. சென்னையில் இருந்த தாய்மாமன் விட்டுப்போன வண்டி அது. ஞாயிற்றுக்கிழமையானால் அதன் அடியில் படுத்துக் கிடக்கிறார்.

“மேல் கூரையை எடுத்துவிட்டு, இரண்டு பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கணும் சார். அதற்கு முன்னாடி பிரேக்கை மாற்றணும். ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதித் தருவாங்களா?” என்று கேட்டார்.

எழுதித் தரமாட்டார்கள். “செய்தால் சொல்லாதே, சொல்வதானால் செய்யாதே” என்பதுதான் அவருக்கு ஊரில் கிடைத்திருக்கும் யோசனை. யோசனை சொன்னவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வண்டியில் செய்த வேலையை ஒருவர் மறைத்தே தீர வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கிய விதி ஒன்று இருக்கிறது. பரிசீலிக்க வேண்டியது அதைத்தான். மறைத்துச் செய்த வேலையை எந்த அதிகாரியும் சோதிப்பதில்லை. சோதிக்காத பிரேக்கோடு அந்த வண்டி, சுருட்டப்பள்ளி கோயிலுக்குக் குடும்பத்தோடு நடந்து போகிறவர்களின் பக்கத்திலேயே ஓடும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்றும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழை அங்கிருந்து வாங்கி வந்து, இங்கே புதிய எண் கேட்டு மனுச் செய்ய வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை இந்த எல்லைப் பக்கத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள்) வண்டியை நேரில் பார்ப்பார். சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். சொந்த ஊரிலேயே இருப்பவன் பழைய ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டிவிடலாம். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவன் வண்டியைக் கொண்டுபோய் அதிகாரி முன் நிறுத்தியாக வேண்டும்.

ஹெரால்டின் ஜாதகம்

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது பைத்தியக்கார ஆசை என்று நினைப்பவர்கள் அந்த வண்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவன்னி மிச்சலோட்டி. அந்தக் காலத்தில் மற்றக் கம்பெனிகள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான கார்களைச் செய்யத் தொடங்கியிருந்தன. ஹெரால்டுக்கோ தனி இரும்புச் சட்டம். அதன் மேல் தகடுகளைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பெரிய பிரஸ் யந்திரங்கள் இல்லாத தேசங்களிலும் பூட்டி முடிக்க அது வசதியாக இருந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல் ஹெரால்டைச் செய்ய ஆரம்பித்தது. 948 சி.சி. எஞ்சின். முன்பக்கத்துப் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். குறுகிய தெருவில் இந்த வண்டி திரும்புகிற லாகவத்தைப் பழைய டிரைவர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

1962-ல் டிரையம்ப் கம்பெனி என்ன செய்தது? இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, 1147 சி.சி. எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்களை மாட்டி, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பொருத்தி, ஸ்பிட்பயர் என்று பெயரிட்டு விற்றது. அந்த உடலை வரைந்தவரும் மிச்சலோட்டியே. 63 குதிரைத்திறன். உலகமெங்கும் பெயர் வாங்கிய அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் கூடப் பிறந்த தம்பி என்றால் மிகையில்லை. நாகலாபுரத்து வெல்டர் நினைக்கிற வேலையை டிரையம்ப் ஆலையே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது.

ஹெரால்டின் கூரையும் போல்ட்டில் நிற்பதுதான். ரம்பம் வேண்டாம், ஸ்பேனர் போதும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உடலின் வகை மூடிய கார் என்று எழுதியிருக்கிறது. கூரையைக் கழற்றிய வண்டி அந்த வரிக்கு ஒத்துவராது. அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது.

இந்த வண்டிக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஊஞ்சல் போல ஆடும் அச்சுகளில் நிற்கின்றன. மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், வண்டியின் பின்பக்கம் சற்று உயரும். வெளிப்பக்கத்துச் சக்கரம் கீழ்நோக்கி உள்ளே மடங்கி டயரின் ஓரத்தில் நிற்கும். பிடிமானம் போய் வண்டி சுழன்றுவிடும். ஸ்பிட்பயருக்கும் இதே வியாதி இருந்தது. 1970-ன் கடைசியில் வந்த அதன் நான்காவது மாடலில்தான் வைத்தியம் கிடைத்தது. பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் ஒரு முளையின் மேல் அசையும்படி செய்தார்கள். உடல் சாயும்போது ஸ்பிரிங் கூடவே அசைவதால் சக்கரம் முன்போல மடங்குவதில்லை. சென்னைக் கம்பெனி வேறு வழியில் போயிற்று: 1972-ல் வந்த கெஜல் காரில் ஊஞ்சல் அச்சையே எடுத்துவிட்டு ஒரே உறுதியான அச்சைப் போட்டுவிட்டார்கள்.

அந்த அசையும் ஸ்பிரிங் ஹெரால்டுக்கும் பொருந்தும். ஸ்பிட்பயரின் டிஸ்க் பிரேக்கை, சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டோடு சேர்த்து மாற்றினால் ஹெரால்டுக்குப் போடலாம். இவற்றால் வண்டியின் அபாயம் குறைகிறது. ஆனாலும் இன்றைய விதியின் கண்ணுக்கு, சைலன்சரைப் பிடுங்கி எறிவதும் டிஸ்க் பிரேக் போடுவதும் ஒரே தட்டில் நிற்கின்றன.

பிரேக்கைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதைவிட 80 கிலோமீட்டரில் வரும் அதே காரை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைப் பிரேக் உறிஞ்ச வேண்டும். அவ்வளவும் உஷ்ணமாக மாறும். பழைய டிரம் பிரேக் மூடிய பானை மாதிரி. சூடு உள்ளேயே தங்கிவிடும். டிரம் சூட்டில் விரிய விரிய, உள்ளே இருக்கும் ஷூவுக்கும் அதற்கும் தூரம் கூடும். பெடல் தரை வரை போகும். டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு கார்புரேட்டர் மாட்டி எஞ்சினின் சக்தியைக் கூட்டிவிட்டு, அறுபது வருஷத்து டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆதரித்து இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

சோழவரத்து நாட்கள்

நாகலாபுரத்திலிருந்து சென்னைக்கு பஸ் ஏறுகிறவர்கள் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம் தாண்டிச் செங்குன்றத்துக்கு முன்னால் சோழவரத்தைக் கடந்து போகிறார்கள். இளைஞர்களுக்கு அது ஏரியின் பெயராக மட்டுமே தெரியும். இரண்டாம் உலக யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில்தான் வருஷந்தோறும் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுபாதை வருகிற வரையில் தென்னாட்டில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான்.

அங்கே ஓடிய வண்டிகள் எங்கிருந்து வந்தன? அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலம். ராஜ வம்சத்தாரும் பெரிய தொழிலதிபர்களும் சில அயல்நாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். மற்றவர்கள் கையிலிருந்த பியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் வைத்துக்கொண்டு வீட்டுக் கொட்டகையிலும் தெரு முனைப் பட்டறையிலும் இரவு பகலாக உழைத்தார்கள். ஹெட்டைச் சீவினார்கள். எடையைக் குறைக்கச் சீட்டைக் கழற்றி வீசினார்கள். புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் சாமான் பொறுக்கினார்கள். ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு என்ஜினீயரிங் கல்லூரி அதுவேதான். அந்தக் கல்லூரியில் பட்டம் கிடையாது. கையில் தழும்பு மட்டும் உண்டு.

கோயமுத்தூர் எஸ். கரிவரதன் அந்தப் பரம்பரையில் வந்தவர். மில் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் கிரீஸ் படிந்த கை. மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் கார்களை இந்த மண்ணிலேயே கட்டினார். நம் பையன்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக அவை வழி செய்தன. 1995-ல் விமான விபத்தில் காலமானார். அவர் உண்டாக்கிய பார்முலா மாருதி வண்டிகளில் பழகியவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்.

பிற தேசத்துக் கதையும் இதுவே. 1948-ல் லண்டனில் காலின் சாப்மன் என்ற மாணவர், வாங்க ஆளில்லாமல் தம் கையில் தங்கிப்போன பழைய ஆஸ்டின் செவன் காரை, பின்னாளில் தமக்கு மனைவியாக வந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து மாற்றியமைத்தார். அதுதான் முதலாவது லோட்டஸ் கார். அன்றைக்கு லண்டனில் நம் 182-ஏ பிரிவு இருந்திருந்தால் லோட்டஸ் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

கதவு அடைபட்ட விதம்

நம் தேசத்திலும் இந்தக் கதவு எப்போதும் அடைத்தே இருந்ததில்லை. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 1988-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், வண்டியை மாற்றியமைக்க விரும்புகிறவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து அனுமதி பெற வழி இருந்தது. பெட்ரோல் அம்பாசடரில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை இறக்கி டாக்சி ஓட்டிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதிகாரி பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

2000-ஆம் வருஷத்தில் 52-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று வந்தது. விலக்குகள் சில உண்டு. அனுமதியோடு அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் போடலாம். காஸில் ஓடும்படி செய்யலாம். உடல் ஊனமுற்றவர் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி அமைக்கலாம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் காட்டிய இளக்கத்தை நீக்கி, 2019 ஜனவரி 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதையே உறுதி செய்தது. சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கையில் நீதிபதிகள் வேறு விதமாகச் சொல்லியிருக்க முடியாது. குறை வாசகத்தில் இருக்கிறது.

மூல விவரம் என்ற அளவுகோல் புதுக் காருக்குப் பொருந்தும். அதைச் செய்தவன் ஆயிரக்கணக்கில் சோதனை நடத்தியிருக்கிறான். நாளைக்கு ஒரு குறை என்றால் அவன் வாசலில் போய் நிற்கலாம். ஹெரால்டைச் செய்த கம்பெனி எங்கே? அந்தக் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 கார் சில வருஷங்களிலேயே நின்று, ஆலையும் மூடிப் போயிற்று. மூல பிரேக் ஷூ கிடைக்காத வண்டிக்கு மூல விவரப்படி நட என்றால், கடைசியில் லேத் பட்டறையில் ஏதோ ஒன்றைக் கடைந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதைக் கேட்பார் இல்லை; ஏனென்றால் பார்வைக்கு மூலம் மாதிரியே இருக்கும்!

வின்டேஜ் விதியின் வேடிக்கை

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து தனி எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு வெளியே எடுக்கலாம். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை.

ஆனால் வண்டி மூல உருவத்தில் இருக்க வேண்டும், சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். மாளிகையில் துணி போர்த்தித் துடைத்து வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸுக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டல்ல. 1970-களிலேயே சோழவரத்துக்காகக் கை வைக்கப்பட்ட ஹெரால்டுக்கு இதில் இடமில்லை. அந்த மாறுதலே இப்போது ஐம்பது வருஷத்துச் சரித்திரம் ஆகிவிட்டதே, அதை என்ன செய்வது? ஜெர்மனியில் முப்பது வருஷம் கடந்த வண்டிக்குத் தனி எண் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே செய்யப்பட்ட மாறுதல்களையும் வண்டியின் சரித்திரத்தில் சேர்த்து ஒப்புக்கொள்கிறார்கள்.

வின்டேஜ் கிடைக்காதவர் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கலாமே என்றால், பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 என்று அறிவித்தார்கள். கட்டணத்தையும் கட்டிவிட்டு உண்மையையும் சொல்ல முடியாதவனாக உடைமையாளர் நிற்கிறார்.

பிரிட்டனில் பல்லாண்டு காலம் புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருந்தார்கள். மூலத்துச் சேசிஸ் இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பகுதி, ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. மொத்தத்தில் 8 தேறினால் பழைய எண் தங்கும். தேறாவிட்டால் ஒற்றை வண்டிக்கென்று இருக்கும் தனிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் தேறிய பிறகு வேறு எண். 2025-ல் இதையும் இன்னும் இலகுவாக்கினார்கள். இந்தக் கணக்கில் எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி நிற்பதற்கும் திரும்புவதற்கும் உதவுகிற உறுப்புகளுக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

ஆட்சேபணைகள்

அனுமதி கொடுத்தால் தெருவெல்லாம் பேய் ஓட்டம் ஓடுவார்களே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். இரவு பத்து மணிக்குமேல் சைலன்சரைக் கழற்றிய மோட்டார் சைக்கிள் கடைத்தெருவில் போகிற சத்தத்தில் குழந்தைகள் வீறிட்டு அழுவதை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அதைப் பிடிக்க, சத்தத்தை அளக்கும் விதி தனியே இருக்கிறது, போலீசாரும் இருக்கிறார்கள். அவன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போகிற ஆள் அல்ல. மனு எழுதி, வரைபடம் வைத்து, வரிசையில் நின்று சோதனைக்கு உட்படத் தயாராக இருப்பவனைத்தான் இன்றைய விதி திருப்பி அனுப்புகிறது.

சோதிக்க ஆளும் கருவியும் எங்கே என்பது அடுத்த கேள்வி. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பெட்ரோல் வண்டியை மின்சார வண்டியாக மாற்றும் சாதனங்களுக்கு இத்தகைய நிலையங்களின் சான்றிதழோடு அனுமதி கொடுக்க 2016-லேயே விதி செய்துவிட்டார்கள். எஞ்சினையே பிடுங்கிவிட்டு பாட்டரி வைக்கலாம். டிஸ்க் பிரேக் வைக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? அங்கேயும் சாதனத்தைச் செய்யும் கம்பெனிக்குத்தான் வழி. ஆயிரம் சாதனம் விற்கிறவன் சான்றிதழ்ச் செலவை ஆயிரத்தில் பங்கு போட்டுவிடுவான். ஒரே ஒரு காருக்காகத் தனி மனிதன் அதைத் தாங்க முடியாது.

ஏழை வெல்டருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று ஒரு பேச்சும் வரும். இதற்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று: 2016-ல் இசுசு ஆலை ஸ்ரீசிட்டியில் திறக்கப்பட்டதிலிருந்து இந்த வட்டாரத்துப் பையன்கள் கார்த் தொழிலைக் கிட்ட இருந்து பார்க்கிறார்கள். காண்டிராக்டுத் தொழிலாளிக்கு ஆலையில் ஒரே இடத்தில் ஒரே பற்றவைப்புத்தான் வேலை. நாள் முழுதும் அதையேதான் செய்வான். முழு வண்டி எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதை அவன் கற்றுக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையில்தான். காண்டிராக்டு முடிந்த மறுநாள் அவனுக்குச் சோறு போடப்போவது அந்தப் படிப்பு.

புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்துத் திருத்தமே 52-ஆம் பிரிவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறது: வண்டிகளை மாற்றியமைப்பதற்கான தரங்களையும் அனுமதி நிபந்தனைகளையும் மத்திய சர்க்கார் விதியாக வகுக்கலாம். தண்டனை கொடுக்கும் பிரிவை எல்லோரும் பேசுகிறார்கள்; இந்த வாக்கியத்தைப் பேசுவாரைக் காணோம். இதன் கீழ், உற்பத்தி நின்றுபோன பழைய கார்களுக்கு மட்டுமாவது ஒரு விதி வர வேண்டும். வேலை தொடங்குமுன் மனு. சட்டமும் பிரேக்கும் மூடி மறைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரியும் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு முறை பார்க்க வேண்டும். முடிந்ததும் சோதனை நிலையத்தில் பிரேக், ஸ்டீரிங், புகை, வெளிச்சம் பார்த்து, மாறுதல் இன்னதென்று ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். எஞ்சின் சக்தியைக் கூட்டக் கேட்கிறவர், கூட்டிய சக்திக்குத் தகுந்த பிரேக்கை முதலில் காட்டினால்தான் அனுமதி என்று வைப்பது உசிதம். சீட் பெல்ட் இல்லாமல் வந்த காலத்து வண்டியானால் அதையும் கட்டாயப்படுத்தலாம். சேசிஸை வெட்டி ஒட்டுவதற்கு மட்டும் எளிதில் சம்மதிக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். வெல்டர் நண்பர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தெரியும். அவர் நினைப்பது போல ஸ்பிட்பயர் அளவுக்குச் சட்டத்தைக் குட்டையாக்க வேண்டியதில்லை. முழு நீளத்தில் நின்றாலும் கூரையில்லாத ஹெரால்டு அழகான வண்டிதான்.

விதி வருகிற வரையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பழுதான பாகத்தை அதே மாதிரிப் பாகத்தால் மாற்றுவது ரிப்பேர், அதற்குத் தடையில்லை. ஷூ, சிலிண்டர், ரப்பர் குழாய், டயர், ஸ்டீரிங் மூட்டுகள் இவற்றைப் புதிதாக்குங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வெளித்தெரியாத மாறுதலைச் செய்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இருப்பவர், விபத்தில் தம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான கிளெய்மை அவர்கள் தட்டிக்கழிக்கத் தாமே இடம் கொடுத்தவர் ஆகிறார். சென்னை எண்ணோடு இங்கே நிற்கும் வண்டியை முதலில் இந்த மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு மற்றதை யோசிப்பது நல்லது.

மோட்டார் வாகன விதி எதையும் நகல் வெளியிட்டு, ஆட்சேபணைகளும் யோசனைகளும் கேட்ட பிறகே மத்திய சர்க்கார் இறுதியாக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் முப்பது நாள் தவணை கொடுக்கிறார்கள். கார்க் கம்பெனிகளின் சங்கங்கள் ஒவ்வொரு தடவையும் எழுதுகின்றன. கொட்டகைக்காரர்கள் எழுதுவதில்லை. நாகலாபுரம், புத்தூர், சத்தியவேடு பக்கத்து மெக்கானிக்குகள் தமிழர், தெலுங்கர் என்ற பேதமில்லாமல் ஒரே மனுவில் கையெழுத்திட்டு டில்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுதித் தர நம் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். 52-ஆம் பிரிவு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு, தபாலில் அனுப்ப வேண்டும்.